பூட்டின் துணைக்கருவிகள்

"யார் பேர்ல போடட்டும்க்கா?" என்று தம்பி கேட்டான்.

"எதை?"

"பூட்டைத்தான். இது இன்டர்நெட் பூட்டு. உரிமையாளர்னு ஒருத்தரைச் சொல்லுங்கன்னு கேக்குது."

"பூட்டுக்கு எதுக்குடா தனியா உரிமையாளர்? வீட்டுக்காரர்தான் பூட்டுக்காரர்."

"அதெல்லாம் அந்தக் காலம். மாமா பேர்ல போடவா?"

"அவருக்கு போன்ல அலாரம் வைக்கிறதே நான்தான். உன் பேர்லயே போட்டுடு. தினம் வந்து போகப் போறவன் நீதானே?"

"சரி. இனிமே இந்த வீட்டுல யாரும் சாவி தேட வேண்டாம்."

"போடா. சாவியைத் தேடறப்போதான் உங்க மாமா என்கிட்ட நாலு வார்த்தை பேசுவார்."

அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் நடந்த பேச்சு அது. இரண்டாம் மாடி, ஜன்னல்களுக்கும் பால்கனிக்கும் கம்பி, ஒரே ஒரு வாசல். தினம் வந்து போகப் போகிறவன் அன்று மாலையோடு வருவதை நிறுத்திக்கொண்டான்.

காரணம் பெரிதில்லை. அவள் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். அன்று காலை சாமான் ஏற்றிய வேனைப் பின்பக்கமாக எடுத்தபோது குடியிருப்பின் கேட்டில் இடித்துவிட்டார். மாலையில் டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் கூட வேலை செய்கிறவர்களும் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தம்பி அந்தச் சம்பவத்தை நடித்துக் காட்டினான். வேன் போட்ட சத்தம், கேட் போட்ட சத்தம், மாமா போட்ட சத்தம் எல்லாம் தனித்தனியாக வந்தன. முதலாளி கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். கணவர் மட்டும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் போனதும், "இனிமே அவன் பேரை இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்று ஓர் உத்தரவு பிறந்தது. மேல்முறையீட்டுக்கு வழி எதுவும் சொல்லப்படவில்லை.

அவளும் எடுக்கவில்லை. வருடக்கணக்கில் எடுக்கவில்லை. அவளுடைய போனில் தம்பியின் எண் 'லென்ஸ் சப்ளை' என்ற பெயரில் இருந்தது. அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். பார்வை பரிசோதிக்கும் நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாளெல்லாம் கேட்பாள். மதியம் கூட்டம் குறைந்தால் சில நாள் தம்பி வந்து அந்த நாற்காலியில் உட்காருவான். போன வாரம் வந்தவன் எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றான். "பதிவு ஆபீஸ்லதான். பத்து பேர்கூட இருக்க மாட்டாங்க. நீ வரலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா. மாமாவும் வரணும்."

"கேக்கறேன்டா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கேள்வி அவள் தொண்டை வரை வந்தது. கணவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஷூ போடக் குனிவார். "என்னங்க" என்பாள். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, குடை எடுத்துக்கோங்க" என்பாள். வெயில் கொளுத்தும் நாளிலும் அவர் குடையோடு போனார்.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டே விடுவதென்று முடிவு செய்து, "என்னங்க" என்று அவள் ஆரம்பித்தபோது பூட்டு முந்திக்கொண்டது.

"வணக்கம்" என்றது பூட்டு. இத்தனை வருடத்தில் அது பேசியதே இல்லை. செய்தி வாசிப்பவரைப் போல இனிமையான பெண்குரல். "என் பயன்பாட்டு நிபந்தனைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. உரிமையாளரின் ஒப்புதல் கிடைக்கும் வரை மூடியிருக்கிறேன். உங்கள் பொறுமைக்கு நன்றி."

கணவர் கைப்பிடியை இழுத்தார், தள்ளினார், இரண்டு முறை தோளால் இடித்தார். பூட்டு ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னது.

எதிர்வீட்டில் ஒரு தச்சர் இருந்தார். உளியோடு வெளியே வந்து, "அரை மணி நேர வேலைம்மா, நகருங்க" என்றார். அதற்குள் பதற்றத்தில் அவள் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்திருந்தாள். அவர்களும் கோடரியோடு வந்து சேர்ந்தார்கள். தலைவர் கோடரியை ஓங்கியவர், பூட்டின் மேல் மினுங்கிய சின்ன நீல விளக்கைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"இது நெட்டுல இருக்கற பொருள்மா. நாங்க தொடக் கூடாது. தச்சரே, நீங்களும்தான். இதுக்குத் தனி ஆபீஸ் இருக்கு."

அந்த ஆபீஸின் முழுப்பெயர் சாதன உரிமையாளர் கண்டறி இயக்ககம். உலகத்தில் கோடிக்கணக்கான கேமராக்களும் விளக்குகளும் பூட்டுகளும் யாருடையவை என்று தெரியாமல் இன்டர்நெட்டில் திரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துச் சேர்ப்பிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் தொடங்கப்பட்டது. மூன்று மாடிக் கட்டடம். மதியத்துக்குள் அங்கிருந்து ஓர் உதவி இயக்குநரும், மடிக்கணினி வைத்திருந்த ஓர் அம்மாவும், நாற்காலி தூக்கும் இருவரும் வந்து மாடிப்படியில் அலுவலகம் அமைத்தார்கள்.

உதவி இயக்குநர் கதவில் இருந்த தபால் துவாரத்தின் முன் மண்டியிட்டு, மூடியைத் தூக்கிப் பேசினார். உள்ளேயிருந்து பார்த்தால் அவருடைய மீசை மட்டும் தெரிந்தது.

"பயப்படாதீங்க. சாதனம் நல்லாத்தான் இருக்கு."

"நாங்க?" என்றார் கணவர்.

"நீங்க எங்க துறையில வர மாட்டீங்க."

கணவர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அவள் துவாரத்தருகே குனிந்து மெல்லச் சொன்னாள். "சார், இதைப் பொருத்தினது என் தம்பி. அவன் பேர்லதான் இருக்கு."

மீசை இடமும் வலமுமாக ஆடியது. பிறகு வருத்தத்தோடு சொன்னது: "அம்மா, கூடப் பொறந்தவங்க சொல்றதை வெச்சு உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியும்னா, எங்களுக்கு எதுக்கும்மா மூணு மாடி? சாதனம் சொல்லணும். விஞ்ஞானபூர்வமா வரணும்."

"சாதனம் என்ன சொல்லுது?"

"உரிமையாளர் யாருன்னு தெரியலைங்குது. அதைத்தான் விசாரிச்சுட்டு இருக்கோம்."

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, லென்ஸ் சப்ளைக்குச் செய்தி அனுப்பினாள். 'பூட்டு மாட்டிக்கிச்சு. உன் ஒப்புதல் வேணுமாம்.' பதில் உடனே வந்தது. 'எனக்கு ஒண்ணும் வரலையே. அந்தக் கம்பெனியை எப்பவோ மூடிட்டாங்க. பழைய போனை எடுத்துட்டு நேர்ல வந்தா திறந்துடலாம். வரட்டுமா?' அவள் நீண்ட நேரம் யோசித்து, 'வேண்டாம்' என்று அனுப்பினாள். அனுப்பிவிட்டு முகம் கழுவினாள்.

மாலைக்குள் விஞ்ஞானம் வேலை செய்தது. மடிக்கணினி அம்மா பூட்டின் இன்டர்நெட் முகவரியைப் பிடித்துவிட்டார். முகவரி ஒரு பல் டாக்டரைக் காட்டியது. அவரை வெள்ளைக் கோட்டோடு மாடிக்கு அழைத்துவந்தார்கள். பின்னாலேயே, திறந்த வாயை மூட முடியாமல் அவருடைய நோயாளியும் வந்துவிட்டார்.

"இந்த வீட்டை நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் டாக்டர்.

"உரிமையாளர்கள் முதல்ல மறுக்கத்தான் செய்வாங்க" என்றார் உதவி இயக்குநர்.

மடிக்கணினி அம்மா தயங்கித் தயங்கி விளக்கினார். "சார், இந்த முகவரி வாடகை சைக்கிள் மாதிரி. காலையில ஒருத்தர் ஓட்டுவார், சாயங்காலம் வேற ஒருத்தர் ஓட்டுவார். காலையில டாக்டர்கிட்ட இருந்திருக்கு, அவ்வளவுதான்."

"அப்போ காலையில இவர் உரிமையாளர்?"

"இல்ல சார்."

"மறுக்கற தொனியிலேயே தெரியுது, ஏதோ சம்பந்தம் இருக்கு" என்று சொல்லி, டாக்டரைப் படிக்கட்டில் உட்காரவைத்தார். நோயாளிக்கும் ஒரு நாற்காலி கொடுக்கப்பட்டது.

புதன்கிழமை முகவரி இடம் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் அது ஒரு நீச்சல் குளத்தின் மோட்டாரைக் காட்டியது; குளத்துக் காவலாளியை ஈரத் துண்டோடு கொண்டுவந்தார்கள். அடுத்து ஒரு பூக்கடையின் குளிர்ப்பெட்டி. பூக்காரம்மா வந்ததும் முதல் வேலையாக உதவி இயக்குநரைத் திட்டினாள். "என் பொட்டி என் கடையிலேயே இருக்குய்யா, எனக்குத் தெரியாதா?" மதியம் முகவரி இயக்ககத்தின் சொந்தக் கட்டடத்தையே காட்டியது. மூன்றாம் மாடி, இயக்குநர் அறை, காபி இயந்திரம்.

உதவி இயக்குநர் மடிக்கணினியைத் தன் கையாலேயே மூடினார்.

"விஞ்ஞானத்துக்கும் ஓர் எல்லை இருக்கு" என்றார்.

உள்ளே கணவரும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுத் தச்சரின் மனைவி பால்கனி வழியாகக் கயிற்றில் கட்டிய கூடையில் ரொட்டியும் பழமும் அனுப்பிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் ஒரே அறையில் அவர்கள் சேர்ந்து இருந்தது கல்யாணமான புதிதில்தான். கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் யாராவது தப்பாகப் போகிறார்கள் என்று தோன்றினால் வலது கால் தரையை அழுத்தும். பழகுநர் காரில் ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா? வீட்டில் பிரேக் இல்லை. ஆனாலும் கால் அழுத்தும். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அழுத்தியது.

"என்னங்க."

கால் அழுத்தியது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பழம் சாப்பிடறீங்களா?"

வெளியே உதவி இயக்குநர் துவாரத்தின் மூடியைத் தூக்கி இரண்டு ஒட்டுத்தாள்களை உள்ளே தள்ளினார். "சட்டைல ஒட்டிக்கோங்க. சாதனத்தோட சேர்ந்து கிடைக்கற எல்லாம் அதோட துணைக்கருவிகள். மேடம், நீங்க ஆ. சார் அ."

"நான் மனுஷன்யா!" என்றார் கணவர்.

"இல்லைன்னு நாங்க எங்கயும் சொல்லலையே."

கணவர் கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு ஒட்டிக்கொண்டார். தான் 'அ'வாக இருந்தது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்ததை அவள் கவனித்தாள்.

வியாழக்கிழமை காலை உதவி இயக்குநர் குளித்து, புதுச் சட்டையோடு வந்தார். தெருவில் கூடியிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி கட்டப்பட்டிருந்தது. மைக்கைத் தட்டிவிட்டு உரையாற்றினார்.

"பொதுமக்களே! எங்கள் இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு உரிமையாளரைக்கூடத் தவறாகக் கண்டுபிடித்ததில்லை. ஏன் என்றால், எவரையுமே கண்டுபிடித்ததில்லை. சிலர் கேட்கிறார்கள், இதைக் கண்டுபிடிக்க இத்தனை பேரா என்று. கண்டுபிடிப்பதற்கு ஒரு ஆள் போதும். தேடுவதற்குத்தான் ஆள் வேண்டும். எங்கள் அலுவலக வாசலிலும் இதே பூட்டுதான். அதற்கும் உரிமையாளர் கிடைக்கவில்லை. நாங்கள் என்ன, அழுதுகொண்டா இருக்கிறோம்? பின்பக்க ஜன்னல் வழியாகப் போய் வருகிறோம். இயக்குநருக்கு மட்டும் ஸ்டூல் போட்டுத் தருகிறோம். பழகிவிட்டது."

பூக்காரம்மா கை தட்டினாள். கேலிக்குத்தான், ஆனால் நன்றி என்றார் உதவி இயக்குநர்.

"இன்று சூரியன் மறைவதற்குள் உரிமையாளர் கிடைக்காவிட்டால் இந்தப் பூட்டு அநாதைச் சாதனமாக அறிவிக்கப்படும். கதவோடு பெயர்த்து, துணைக்கருவிகளோடு எங்கள் கிடங்குக்கு எடுத்துச் செல்லப்படும்."

அவள் துவாரத்துக்கு ஓடினாள். "சார், எத்தனை நாள் அங்க வெச்சிருப்பீங்க?"

"உரிமையாளர் வந்து கேக்கற வரைக்கும்மா."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை சார்!"

"அதுக்கென்ன? வெள்ளிக்கிழமையும் கிடங்கு உண்டு."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை என்ன?"

அவள் அவர் காலைப் பார்த்தாள். அழுத்தியபடி இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றாள்.

கடைசி வாய்ப்பாகப் படிக்கட்டில் உரிமைகோரல் முகாம் நடந்தது. பூட்டு தன்னுடையது என்று நினைப்பவர்கள் வந்து நிற்கலாம். ஒருவர், பூட்டு எதுவானாலும் தன்னுடையதுதான் என்றார். ஓர் அம்மாள், தன் பூட்டு பச்சை நிறம், ஆனால் இதுவும் பரவாயில்லை என்றார். அவர்களுக்குப் பின்னால், திரை உடைந்த பழைய போன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைகூட வாராமல் தம்பி நின்றிருந்தான். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற வழக்கம் அவனுக்கு எப்போது இருந்தது?

"சார், இது என் பேர்ல இருக்கு. இந்த போன்ல இங்க ஒரு தடவை அமுக்கினா திறந்துடும். அமுக்கவா?"

"கையை எடுய்யா!" என்று உதவி இயக்குநர் பாய்ந்தார். "உரிமையாளர்னு நிரூபணம் ஆகறதுக்கு முன்னாடி திறந்தா அது அத்துமீறல்."

"திறந்தா நிரூபணம் ஆயிடுமே சார்."

"திருடனும்தான் திறப்பான்."

"அப்போ எப்படித்தான் நிரூபிக்கிறது?"

உதவி இயக்குநர் மடிக்கணினி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மெல்லிய குரலில் சொன்னார்: "சார், கடைசி விதி ஒண்ணு இருக்கு. வீட்டுல குடியிருக்கறவர் தன் வாயால, இவர் எனக்கு இன்ன உறவு, இவர் உள்ளே வரணும்னு கேட்டுக்கிட்டா, அவரை உரிமையாளரா ஏத்துக்கலாம்."

"அதை இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தினதில்லையே!"

"ஒரு வார்த்தையில முடிஞ்சிடும் சார். அதான்."

உதவி இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தெரு முழுக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் கைகூப்பினார். நோயாளி திறந்த வாயாலேயே கெஞ்சினார். வேறு வழியில்லாமல், மைக்கைத் துவாரம் வழியாக உள்ளே தள்ளினார்கள்.

"நான் சொல்றேன் சார்!" என்று அவள் அதைப் பிடித்தாள்.

"நீங்க ஆ, மேடம். வீடு சார் பேர்ல இருக்கு. அ தான் சொல்லணும்."

அவள் மைக்கைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் கிடங்குக்கே போறேன்" என்றார். "காத்தாவது வரும்."

"மாமா!" என்றான் தம்பி கதவுக்கு வெளியே. அவ்வளவுதான் சொன்னான்.

கணவர் எழுந்தார். கதவருகே போய், பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கியில் காற்று இரைந்தது. கீழே யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். உத்தரவு பிறந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் தம்பியைப் பற்றிய முதல் வார்த்தையை உத்தரவு போட்டவரே சொன்னார்.

"இளைச்சுட்டான்."

சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்டவரைப் போல வேகமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டுக்கொண்டார். இனி அழுத்துவதற்குத் தரை இல்லை.

"உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது பூட்டு.

அவள் அந்த நீல விளக்கைப் பார்த்தாள். இது மாட்டிக்கொண்டது செவ்வாய்க்கிழமைதான். அதற்கு முன்பு தினமும் இந்தக் கதவு திறந்துதான் இருந்தது. கடைக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், திரும்பி வந்தாள். தம்பி வீட்டுக்கு மட்டும் ஒரு நாளும் போகவில்லை. கடை நாற்காலியில் உட்காருகிறவர்கள் எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இன்னொரு முறை கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம், "பரவாயில்லை, சொல்லுங்க" என்று அவள்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள். அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சோபாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மைக் கையிலேயே இருந்ததை மறந்துவிட்டாள்.

"என்னங்க" என்றாள்.

என்னங்க, என்றது தெரு முழுவதும்.

கணவர் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன?" என்றார்.

இந்த முறை குடை ஞாபகம் வரவில்லை.

"நாளைக்கு என் தம்பிக்குக் கல்யாணம். நான் போகணும். நீங்களும் என்கூட வரணும். இப்ப எழுந்து போய், அவனை உள்ள கூப்பிடுங்க."